முடிச்சூர் ரோட்டிலிருந்து லிஸ்பனுக்கு

தமிழ்ல அச்சான முதல் புத்தகம் எந்த ஊர்ல அச்சாச்சு? சென்னைன்னு சொல்றவங்க உண்டு. தரங்கம்பாடின்னு சொல்றவங்க அதைவிட அதிகம், எல்லாம் சீகன்பால்கு புண்ணியம். விஷயம் தெரிஞ்சவங்க "கொல்லம், 1578, தம்பிரான் வணக்கம்"னு வருஷத்தோட சொல்லிடுவாங்க. தமிழ் எழுத்துல அச்சானது எதுன்னு கேட்டா அதுதான் சரியான விடை. ஆனா தமிழ் மொழியில அச்சானது எதுன்னு கேட்டா இன்னும் 24 வருஷம் பின்னாடி போகணும். ஊரும் இந்தியாவுல இல்லை. லிஸ்பன், போர்ச்சுகல் நாட்டோட தலைநகரம். தேதிகூட இருக்கு மக்களே: 1554, பிப்ரவரி 11.

இந்த லிஸ்பனுக்கு நான் வாரத்துல அஞ்சு நாள் போயிட்டு வர்றேன். மேற்கு தாம்பரத்துல இருந்து, சைக்கிள்ல. பாஸ்போர்ட், விசா எதுவும் கிடையாது. அரை டிராயரும் பனியனும்தான் :-)

கதை சர்க்கரையில ஆரம்பிக்குது. மூணு மாச சராசரி எட்டைத் தொட்டதும் டாக்டர் கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "சார், வாரத்துக்கு 150 நிமிஷம். மாத்திரையை அப்புறம் பேசுவோம்"னு சொல்லிட்டார். எவ்வளவு வேகமா செய்யணும்னு கேட்டதுக்கு அவர் சொன்ன அளவு எனக்கு ரொம்பப் பிடிச்சுது. செய்யும்போது பேச முடியணும், ஆனா பாட முடியக்கூடாது. பாட முடிஞ்சா வேகம் பத்தலை, பேசவே முடியலைன்னா வேகம் ஜாஸ்தி. (நான் பாடினா தங்கமணி எழுந்து போயிடுவாங்கங்கறது வேற விஷயம்.)

வெளியில நடக்கலாமேன்னு கேப்பீங்க. முடிச்சூர் ரோட்டைப் பார்த்தவங்க கேக்க மாட்டீங்க. காலையில அஞ்சரைக்கே கம்பெனி பஸ், தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ. நடைபாதைன்னு ஒண்ணு இருந்தா அதுல பைக் நிக்கும். தெருவுக்குள்ள நடக்கலாம்னா நாலு முனைக்கும் நாலு நாய்க் கூட்டம், ஒவ்வொண்ணுக்கும் தனி எல்லை, நமக்கோ விசா கிடையாது. ஐப்பசி வந்துட்டா அந்தத் தெருவே கால்வாய்.

இதுல ஒரு சரித்திர வேடிக்கை இருக்கு. தாம்பரம் ஒரு காலத்துல நல்ல காத்துக்குப் பேர் போன ஊர். இங்கிலாந்துல மெண்டிப் மலைப் பக்கம் காசநோய் மருத்துவமனை நடத்தின டாக்டர் சவரிமுத்து, ஊருக்குத் திரும்பி 1928-ல சானடோரியத்தை ஆரம்பிச்சது இங்கேதான். மருந்து கண்டுபிடிக்காத அந்தக் காலத்துல காசநோய்க்கு வைத்தியமே சுத்தமான காத்து, ஓய்வு, நல்ல சாப்பாடு, அப்புறம் அளவா நடை. நடக்கறதுக்குன்னே ஆளுங்க வந்து தங்கின ஊர்ல, நடக்க இடமில்லாம நான் ஒரு சைக்கிளை வாங்கி ரூமுக்குள்ள போட்டேன். சக்கரம் சுத்தும், வண்டி நகராது.

மொத வாரம் சுவத்தைப் பார்த்துக்கிட்டு மிதிச்சேன். இருபது நிமிஷம் இருபது யுகம் மாதிரி இருந்துச்சு. நின்ன இடத்துலயே நடக்கறது ஏன் இவ்வளவு கொடுமையா இருக்குன்னு தேடிப் பார்த்ததுல தெரிஞ்சது, அதைக் கண்டுபிடிச்சதே கொடுமைக்குத்தான்! இங்கிலாந்துல வில்லியம் கியூபிட்ங்கற இன்ஜினியர் 1818-ல ஜெயில் கைதிகளுக்காக ஒரு பெரிய மிதிசக்கரத்தைச் செஞ்சார். கைதிகள் வரிசையா நின்னு படி ஏறிக்கிட்டே இருக்கணும், சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், யாரும் எங்கேயும் போய்ச் சேர மாட்டாங்க. சில இடத்துல மாவு அரைச்சாங்க, தண்ணி இறைச்சாங்க. சில இடத்துல ஒண்ணுமே இல்லை, சும்மா காத்தை அரைச்சாங்க. எழுத்தாளர் ஆஸ்கார் வைல்ட் 1895-ல ஜெயிலுக்குப் போனப்ப அவரும் மிதிச்சார். 1898-ல ஒரு சட்டம் போட்டுத்தான் இதுக்கு முடிவு கட்டினாங்க. நூறு வருஷம் கழிச்சு நாம அதையே இ.எம்.ஐ-ல வாங்கி வீட்டுல வெச்சுக்கிட்டோம்.

அப்ப இந்தத் தண்டனையை எப்படிப் பயணமா மாத்தறது? அதுக்கும் ஜெயில்லயே பதில் இருக்கு. ஆல்பர்ட் ஷ்பேர்னு ஒருத்தர், ஹிட்லரோட கட்டடக்கலைஞர், அப்புறம் ஆயுத மந்திரி. செஞ்ச பாவத்துக்கு பெர்லின்ல ஸ்பாண்டௌ ஜெயில்ல இருபது வருஷம். அந்த ஆளைப் பாராட்ட ஒண்ணுமில்லை, ஆனா அவர் செஞ்ச ஒரு வேலை நம்ம விஷயத்துக்கு வேணும். 1954-ல ஜெயில் தோட்டத்தைச் சுத்திச் சுத்தி நடந்து, பெர்லின்ல இருந்து ஹைடல்பெர்க் வரைக்கும் உள்ள தூரத்தைக் கடக்கறதா கணக்கு வெச்சார். எத்தனை சுத்துன்னு மறக்காம இருக்க ஒரு பாக்கெட்ல இருந்து இன்னொரு பாக்கெட்டுக்கு அவரைக்கொட்டையை மாத்திப் போட்டுக்கிட்டார். ஹைடல்பெர்க் வந்து சேர்ந்ததும் நிறுத்தலை. மேப்பும் பயணப் புத்தகங்களும் வாங்கிப் படிச்சுக்கிட்டே ஆசியாவைக் கடந்து, பெரிங் நீரிணையைத் தாண்டி, அமெரிக்காவுல இறங்கி, 1966-ல விடுதலை ஆனப்ப மெக்ஸிகோவுல இருந்தார். முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல, ஒரே தோட்டத்துக்குள்ள!

அதுக்கும் முன்னாடி ஒருத்தர் இருக்கார். சவ்யே த மெஸ்த்ர்ங்கற ராணுவ அதிகாரி 1790-ல தூரின் நகரத்துல சண்டை போட்டு 42 நாள் வீட்டுக் காவல்ல மாட்டினார். கட்டில்ல இருந்து நாற்காலிக்கு, நாற்காலியில இருந்து மேசைக்குன்னு தன் ரூமுக்குள்ளயே பிரயாணம் பண்ணி, பயண நூல் மாதிரியே அதை ஒரு புத்தகமா எழுதிட்டார். ஆக, ரூமுக்குள்ள ஊர் சுத்தறது நாம கண்டுபிடிச்சதில்லை. நமக்குக் கிடைச்சிருக்கற ஒரே வசதி, அவங்க மனசுல பார்த்ததை நாம திரையில பார்க்கறோம்.

அந்தத் திரை சமாச்சாரமும் ஒரு சின்ன சரித்திரம். கூகிள் தெருக்காட்சி 2007 மே மாசம் அமெரிக்காவுல அஞ்சு நகரங்கள்ல ஆரம்பிச்சுது. 2009-ல போர்ச்சுகலுக்கு வந்துடுச்சு. இந்தியாவுல 2011-ல பெங்களூர்ல வண்டியை இறக்கினாங்க, கொஞ்ச நாள்லயே போலீஸ் நிறுத்திடுச்சு. அப்புறம் 2022 ஜூலையிலதான் சென்னை உள்பட பத்து நகரங்களுக்கு வந்துச்சு. அதாவது 13 வருஷம், தாம்பரத்துல உக்காந்துக்கிட்டு லிஸ்பன் சந்தெல்லாம் பார்க்க முடிஞ்சது, பாரிமுனைச் சந்து பார்க்க முடியலை!

ஆனா சைக்கிள் மிதிக்க தெருக்காட்சி சரிப்படாது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு தடவை அமுக்கணும், மூச்சும் கவனமும் ரெண்டும் போயிடும். அதுக்கு யூட்யூப்தான் சரி. யாரோ ஒரு புண்ணியவான் கேமராவைப் பிடிச்சுக்கிட்டு, வாயைத் திறக்காம, ஒரு மணி நேரம் நடந்துக்கிட்டே இருப்பார். காலடிச் சத்தம், டிராம் மணி, காபிக் கடைப் பேச்சு எல்லாம் கேக்கும். தெருக்காட்சியை மறுநாள் போகப் போற வழியைப் பார்த்து வெச்சுக்க மட்டும் வெச்சிருக்கேன்.

சரி, இத்தனை ஊர் இருக்க ஏன் லிஸ்பன்? பாரிஸ், ரோம் எல்லாம் போய்ப் பார்த்தேன். அழகுதான், ரெண்டாவது வாரம் சலிச்சுடுச்சு. போற ஊர்ல நமக்கு ஒரு வேலை இருக்கணும். அந்த 1554-ம் வருஷத்துப் புத்தகம் ஞாபகம் வந்தப்பதான் எனக்கு ஒரு வேலை கிடைச்சுது.

புத்தகத்தைப் பத்திக் கொஞ்சம். பேர் 'கார்த்தில்யா', அதாவது பாலபாடம். தமிழும் போர்ச்சுகீசும் சேர்ந்த கிறிஸ்தவ வழிபாட்டுப் புத்தகம். சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, பத்துக் கட்டளை, ஜெபங்கள். தமிழை ரோமன் எழுத்துல அடிச்சு, கூடவே போர்ச்சுகீசிய அர்த்தமும் போட்டிருக்காங்க. கறுப்பு, சிவப்புன்னு ரெண்டு மை. அச்சடிச்சவர் ஜெர்மாவ் கல்யார்து, ராஜாவோட அச்சுக்காரர். கட்டளை போட்டது ராஜா மூன்றாம் ஜான். மேற்பார்வை பார்த்தது ஒரு பிரான்சிஸ்கன் பாதிரியார்.

இதெல்லாம் விட முக்கியம், இதை எழுதினவங்க. வின்செந்தே த நசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குரூஸ். பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, மூணு பேரும் நம்ம பக்கத்துல இருந்து போனவங்க. முத்துக்குளித்துறையில, அதாவது தூத்துக்குடிக் கரையில, 1530-கள்ல பரதவர்கள் கூட்டமா மதம் மாறினப்ப எல்லாருக்கும் போர்ச்சுகீசியப் பேர் வெச்சாங்க. நம்ம ஊர் சொந்தப் பேரு என்னவா இருந்துச்சோ, புத்தகத்துல இருக்கறது ஞானஸ்நானப் பேர்தான். அன்னைக்கு இந்தியாவுல இருந்து லிஸ்பனுக்குக் கப்பல்ல போக சாதாரணமா ஆறு மாசம். ஆப்பிரிக்காவைச் சுத்திக்கிட்டு, பாதிப் பேர் பல்லு கொட்டி, போய் இறங்கி, அந்தக் குளிர்ல உக்காந்து, தமிழ்ச் சத்தத்தை வேத்து எழுத்துல எப்படி எழுதறதுன்னு முதல் தடவையா மூணு பேர் யோசிச்சிருக்காங்க. 'ழ'வை என்ன பண்றது, 'ள'வை என்ன பண்றதுன்னு முட்டி மோதியிருப்பாங்க. இணையத்துல தமிழ் எழுத்துரு வர்றதுக்கு முன்னாடி தங்கிலீஷ்ல மடல் எழுதின நம்மள்ல எத்தனை பேருக்கு இந்த அவஸ்தை தெரியும்! அந்தக் கோஷ்டியோட முதல் ஆளுங்க இவங்கதான் :-)

அதனால என் சைக்கிளுக்கு ஒரு வேலை வந்துடுச்சு. அந்த மூணு பேர் நடந்த லிஸ்பனைப் பார்க்கணும், புத்தகம் இருக்கற இடம் வரைக்கும் போகணும்.

கிளம்பற இடம் ஆத்தங்கரையில ஒரு பெரிய சதுக்கம். இப்ப அதுக்கு வணிகச் சதுக்கம்னு பேர், ஊர்க்காரங்க இன்னும் 'அரண்மனை முற்றம்'னு அர்த்தம் வர்ற பழைய பேரைச் சொல்றாங்க. தேஜோ ஆத்தைப் பார்த்து மூணு பக்கமும் மஞ்சள் கட்டடம், நடுவுல குதிரை மேல ராஜா முதலாம் ஜோசப், 1775-ல வெச்ச சிலை. பின்னாடி ஒரு பிரம்மாண்டமான வளைவு, 1873-ல முடிச்சது. அதுக்குள்ள நுழைஞ்சா அகஸ்தா தெரு, ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி அரை கிலோமீட்டர் சொச்சம் நேரா ஓடும். பக்கத்துத் தெருக்களும் அப்படியே, இணைகோடு மாதிரி. தங்கத் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைக்கறவங்க தெருன்னு தொழில் பேர். நம்ம ஜார்ஜ் டவுன் பவழக்காரத் தெரு மாதிரிதான்.

ரெண்டு நாள் சந்தோஷமா மிதிச்சேன். மூணாம் நாள் தேதிகளைக் கூட்டிப் பார்த்தா உறைச்சுது. 1775, 1873... அந்த மூணு பேர் பார்த்த எதுவும் இங்கே இல்லையே!

ஏன் இல்லைங்கறதுதான் லிஸ்பனோட பெரிய கதை. 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலை ஒன்பதரை மணி சுமாருக்கு, கோயில் எல்லாம் கூட்டம் நெரியற நேரத்துல, பூமி குலுங்குச்சு. தப்பிச்சவங்க கட்டடம் விழாத வெட்டவெளின்னு நினைச்சு ஆத்தங்கரைக்கு ஓடினாங்க. தண்ணி உள்வாங்கிச்சு, அப்புறம் சுனாமியா திரும்பி வந்துச்சு. (2004 டிசம்பர் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டாம்.) திருநாளுக்கு ஏத்தி வெச்ச மெழுகுவர்த்தியும் அடுப்பும் சாய்ஞ்சு பிடிச்ச தீ, அஞ்சாறு நாள் எரிஞ்சுது. செத்தவங்க கணக்கு ஆளாளுக்கு மாறும், 30 ஆயிரத்துல இருந்து 50 ஆயிரம் வரைக்கும் சொல்றாங்க.

ஆத்தங்கரை அரண்மனை போச்சு. அதுல இருந்த ராஜாவோட நூலகம், எழுபதாயிரம் புத்தகம், போச்சு. இந்திய வியாபாரத்தோட தலைமை ஆபீசான 'இந்தியா இல்லம்' அங்கேதான் இருந்துச்சு. நம்ம மிளகு போய் இறங்கின இடம். அதோட கணக்கும் கடுதாசியும் போச்சு. நான் ரெண்டு நாளா சந்தோஷமா சைக்கிள் விட்டுக்கிட்டிருந்தது அந்தச் சாம்பல் மேலதான்.

அதுக்கப்புறம் நடந்ததைப் படிச்சப்ப முடிச்சூர்க்காரனா எனக்குப் பொறாமையா இருந்துச்சு. மந்திரி பொம்பால் பழைய சந்து பொந்தை எல்லாம் அப்படியே கட்ட விடலை. மனுவேல் த மாயாங்கற வயசான ராணுவ இன்ஜினியரும் அவர் கூட்டாளிகளும் அகலத் தெருக்களோட புதுசா பிளான் போட்டாங்க. சுவத்துக்குள்ள மரச்சட்டத்தைக் கூண்டு மாதிரி பின்னி, பூமி ஆடினா கட்டடமும் சேர்ந்து ஆடற மாதிரி கட்டினாங்க. மாதிரிக் கூண்டைச் சுத்தி சிப்பாய்களை மார்ச் பண்ண வெச்சு அதிர்ச்சியைச் சோதிச்சாங்கன்னு சொல்வாங்க. இன்னொண்ணும் பண்ணினாங்க. நாட்டுல இருக்கற ஒவ்வொரு பங்குக்கும் ஒரு கேள்வித்தாள் அனுப்பினாங்க. எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது, எவ்வளவு நேரம் ஆடிச்சு, கடல் முதல்ல உள்வாங்கிச்சா ஏறிச்சா, எத்தனை பேர் போனாங்க. பதில்கள் இன்னும் லிஸ்பன் ஆவணக் காப்பகத்துல இருக்கு. நிலநடுக்க அறிவியலோட பிள்ளையார் சுழி அதுன்னு சொல்றாங்க.

2015 டிசம்பர் 1 ராத்திரி எங்க பக்கம் என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியும். தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு ரோட்டைத் தேடிக்கிட்டு வந்துச்சு, முடிச்சூர்லயும் வரதராஜபுரத்துலயும் படகு ஓடிச்சு. எங்க தரைத்தளத்துல இடுப்புக்கு மேல தண்ணி. பாத்திரம், பிரிட்ஜ் போனதுக்கு யாரும் அழலை. அப்பாவோட புத்தக அலமாரியில கீழ் மூணு தட்டு போச்சு. அவர் பைண்ட் பண்ணி வெச்சிருந்த பழைய வார இதழ்த் தொடர்கதைகள், ஓரத்துல பென்சில்ல அவர் எழுதின குறிப்போட. தண்ணி வடிஞ்சப்ப ஒவ்வொண்ணும் செங்கல் மாதிரி ஊதிக் கிடந்துச்சு, பக்கத்தைப் பிரிச்சா கையோட வந்துச்சு. மொட்டை மாடியில காய வெச்சோம். காய்ஞ்சுது, படிக்க முடியலை. மேல் தட்டு ரெண்டும் தப்பிச்சுது. எது மேல் தட்டு எது கீழ் தட்டுன்னு அப்பா உயரத்தைப் பார்த்து அடுக்கினாரே தவிர, மதிப்பைப் பார்த்து அடுக்கலை.

புத்தகம் தப்பிக்கறதுங்கறது அவ்வளவுதான் மக்களே. எந்தத் தட்டுல இருந்துச்சுங்கறதுதான்.

இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த வழிக்கு வாங்க. சதுக்கத்துல இருந்து ஆத்தங்கரையோரமா மேற்கே ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல போனா பெலேம். என் வேகத்துக்கு ரெண்டு காலை. வாஸ்கோ ட காமா 1497-ல கிளம்பினது இந்தக் கரையிலதான். பூகம்பத்துல பெலேம் ரொம்ப அடி வாங்கலை. அன்னைக்கு ராஜாவும் குடும்பமும் இந்தப் பக்கம் வந்திருந்ததாலதான் உயிர் தப்பினாங்க. அப்புறம் அந்த ராஜா கல்லுக் கட்டடத்துக்குள்ள தங்கவே பயந்து, பக்கத்து மேட்டுல கூடாரத்துலயும் மர வீட்டுலயும் இருந்தார்.

அதனால ஜெரோனிமோஸ் மடம் அப்படியே நிக்குது. வெள்ளைக் கல்லுல சரிகை நெய்த மாதிரி கட்டடம். 1501-ல வேலை ஆரம்பிச்சாங்க. ஆப்பிரிக்கா, இந்தியா வியாபாரத்து வருமானத்துல இருபதுல ஒரு பங்கை இதுக்கு எடுத்து வெச்சாங்க. சுருக்கமா சொன்னா, மிளகு கட்டின கட்டடம். 1524-ல கொச்சியில செத்துப் போன வாஸ்கோ ட காமாவோட கல்லறை இதோட கோயிலுக்குள்ளதான். அந்த மூணு பேர் லிஸ்பன்ல இருந்தப்ப இது கட்டி முடியாம சாரத்தோட நின்னிருக்கும். நான் தேடிக்கிட்டு வந்த, அவங்க கண்ணுல பட்டிருக்கக்கூடிய ஒரு சுவர் கடைசியில கிடைச்சுது.

இந்த மடத்தோட மேற்குப் பகுதிக் கட்டடம் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தோடது. 1893-ல லெய்த்தே த வஸ்கொன்செலோஸ்ங்கற மொழியறிஞர் ஆரம்பிச்சது. கார்த்தில்யாவுல இன்னைக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு பிரதி இந்த அருங்காட்சியகத்தோட சேகரிப்புல இருக்கறதுதான். தனிநாயகம் அடிகள் மாதிரி அறிஞர்கள் 1950-கள்ல ஐரோப்பிய நூலகங்களை அலசி இந்த மாதிரிப் பழைய அச்சுப் புத்தகங்களைப் பத்தி எழுதினப்புறம்தான் நம்ம பக்கம் பலருக்கும் விஷயம் தெரிஞ்சுது.

எழுபதாயிரம் புத்தகம் எரிஞ்ச ஊர்ல, மூணு பேர் எழுதின ஒரு சின்ன ஜெபப் புத்தகம் மட்டும், ஒரே ஒரு பிரதி, மேல் தட்டுல மாட்டிக்கிச்சு.

திரையில அந்தக் கட்டடத்து வாசல் வரைக்கும் போனேன். அதோட சரி. கேமரா பிடிச்சுக்கிட்டுப் போன புண்ணியவான் உள்ளே நுழையலை, பக்கத்துல பேர் போன கேக் கடைக்குப் போயிட்டார்! என்னை மாதிரி சர்க்கரைக்காரனை அஞ்சு நிமிஷம் கஸ்டர்ட் கேக் முன்னாடி நிறுத்தி வெச்ச பாவம் அவரைச் சும்மா விடாது.

அன்னைக்கு இறங்கி உக்காந்து மூச்சு வாங்கிக்கிட்டு ரூமைச் சுத்திப் பார்த்தேன். ஜன்னல். போர்ச்சுகீசுல ஜனேலா. டிவி வெச்சிருக்கற மேசை, அது மேசா. அப்பாவோட அலமாரி, அது அர்மாரியோ. அதோட சாவி, ஷாவ். தோள்ல கிடந்த துவாலை, தோவால்யா. சட்டைப் பொத்தான், போத்தாவ். வெளியில வராந்தா, வரண்டா. இலங்கை நண்பர்கள் சொல்ற சப்பாத்து, சப்பாத்து! நான் மிதிச்ச செருப்புத் தைக்கறவங்க தெருவோட பேர்லயே அந்த வார்த்தைதான் இருக்கு. மூணு பேர் ஆறு மாசம் கப்பல்ல போய் அங்கே தமிழை வெச்சுட்டு வந்தாங்க. அங்கே இருந்து வந்தவங்க இங்கே ஜன்னலையும் சாவியையும் விட்டுட்டுப் போனாங்க. லிஸ்பனைத் தேடிக்கிட்டு நான் ரெண்டு மாசமா மிதிச்சேன், அது என் ரூமுக்குள்ளயே அரை டஜன் இடத்துல உக்காந்திருந்துச்சு.

ரூமுக்குள்ள மட்டும் இல்லை. தாம்பரத்துல ரயில் ஏறினா அரை மணிக்குள்ள பரங்கிமலை. பரங்கின்னாலே அவங்கதான். மலை மேல இருக்கற மாதா கோயிலை போர்ச்சுகீசியர் கட்டினது 1523-ல. அப்புறம் மாத்திக் கட்டினது, கூட்டிக் கட்டினது எல்லாம் உண்டு. ஆனா கணக்கு போடுங்க. அங்கே லிஸ்பன் நடுநகரத்துல 1755-க்கு முந்தின லிஸ்பன் தரைக்குக் கீழே கிடக்கு. இங்கே அதே ஆளுங்க அதைவிட 232 வருஷம் முன்னாடி கட்டின கோயில்ல இன்னைக்குக் காலையிலயும் மணி அடிச்சிருப்பாங்க. மயிலாப்பூர் லஸ் இருக்கே, அது 'ஒளி மாதா'ங்கற போர்ச்சுகீசியப் பேரோட கடைசித் துண்டு. லிஸ்பன்லயும் ஒரு லஸ் இருக்கு, அவங்க லூஷ்னு சொல்றாங்க. பென்ஃபிகா கால்பந்து மைதானத்துக்கு அந்தப் பேர்தான்.

இப்ப ஞாயித்துக்கிழமை சைக்கிளுக்கு லீவு, பரங்கிமலைப் படி ஏறறேன். அந்தப் படி கட்டிக் கொடுத்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான்ங்கற அர்மீனிய வியாபாரி, சைதாப்பேட்டைல அடையாறு மேல முதல் பாலம் கட்டினவரும் அவரேதான். மூட்டு வலிச்சா நடுவுல நிக்கலாம், யாரும் சிரிக்க மாட்டாங்க. மேல இருந்து பார்த்தா ஒரு பக்கம் விமான ஓடுதளம், இன்னொரு பக்கம் தெற்கே நம்ம புறநகர் மொத்தமும் தெரியும்.

அங்கே நின்னா இன்னொருத்தர் ஞாபகம் வரணும். வில்லியம் லாம்ப்டன். இந்தியாவையே அளந்த அந்தப் பெரிய முக்கோண அளவை ஆரம்பிச்சது இங்கேதான். 1802 ஏப்ரல் 10-ம் தேதி ஆரம்பிச்சு, பரங்கிமலைப் பக்கத்துல இருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரைக்கும், நூறு அடி இரும்புச் சங்கிலியைத் திரும்பத் திரும்ப நீட்டி, சித்திரை வெயில்ல ஏழரை மைல் அளந்தார். அந்த ஒரு கோட்டை வெச்சுத்தான் இமயமலை வரைக்கும் கணக்குப் போட்டாங்க. வீட்டுல உக்காந்து ஊர் பார்க்கணும்னா முதல்ல யாராவது ஊரை அளந்திருக்கணும். நம்ம நாட்டுக்கு அந்த முதல் சங்கிலி விழுந்தது வேளச்சேரிக்கும் மேடவாக்கத்துக்கும் பக்கத்துலதான். ஏழரை மைல்னா 12 கிலோமீட்டர். என் சைக்கிள்ல ஒரு நாள் இலக்கா இப்ப அதைத்தான் வெச்சிருக்கேன். (அந்த மீட்டர் காட்டற தூரம் சக்கரம் சுத்தறதை வெச்சுப் போடற உத்தேசக் கணக்குதான். லாம்ப்டன் பார்த்தா சங்கிலியாலயே அடிப்பார்.)

ஆறு மாசம் ஆச்சு. சர்க்கரை எட்டுல இருந்து ஆறே முக்காலுக்கு இறங்கியிருக்கு. டாக்டர் "வாக்கிங் எங்க சார் போறீங்க?"ன்னு கேட்டார். லிஸ்பன்னு சொன்னேன். ஒரு தடவை பார்த்துட்டு பி.பி. பட்டையைக் கையில எடுத்தார் :-)

என் ஒரே யோசனை இதுதான். சைக்கிளோ, நடைமிஷினோ, மொட்டை மாடியோ, எதுல வேணா போங்க. ஆனா அழகான ஊருங்கறதுக்காக ஊரைத் தேர்ந்தெடுக்காதீங்க. உங்க தெருவுக்கும் அந்த ஊருக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்கான்னு பாருங்க. புதுச்சேரிக்காரங்களுக்குப் பாரிஸ் இருக்கு. நாகப்பட்டினம், பழவேற்காடுக்காரங்களுக்கு ஆம்ஸ்டர்டாம். தரங்கம்பாடிக்காரங்களுக்குக் கோபன்ஹேகன். அப்புறம் சைக்கிளை விட்டு இறங்கினதும் அலமாரியைத் திறந்து, கீழ் தட்டுல என்ன இருக்குன்னு ஒரு தடவை பார்த்துடுங்க. வேற எங்கேயும் இன்னொரு பிரதி இல்லாத எதாவது அங்கே இருந்தா, ஐப்பசிக்கு முன்னாடி மேல் தட்டுக்கு ஏத்திடுங்க. நான் ஏத்திட்டேன்.

அடுத்த மாசம் கோபன்ஹேகன் கிளம்பறேன். யாராவது கூட வர்றீங்களா?

பி.கு: சீட் உயரத்தைச் சரி பண்ணாம மிதிக்காதீங்க. பெடல் கீழே இருக்கறப்ப முழங்கால் லேசா மடங்கி இருக்கணும். இல்லைன்னா லிஸ்பன் போய்ச் சேர்றதுக்குள்ள எலும்பு டாக்டர்கிட்ட போய்ச் சேர்ந்துடுவீங்க.